இணையக் கடையின் அமைப்புகளும் அவற்றை விளக்கும் கையேடும்

இணையக் கடை திறப்பவர் முதலில் சரக்கின் படங்களையும் விலைகளையும் ஏற்றுகிறார். வாங்க வருபவரின் கண்ணில் படுவதும் அவைதான். ஆனால் கடை ஒழுங்காக நடப்பது வேறோர் இடத்தில் தீர்மானமாகிறது. எந்த நாணயத்தில் விற்பது, எடையைக் கிலோவில் கணக்கிடுவதா கிராமிலா, எழுதிய விலைக்குள் வரி அடக்கமா, எந்தெந்த ஊர்களுக்கு அனுப்புவது, வாங்குபவரின் எந்த முகவரியை வைத்து வரி போடுவது என்று பல கேள்விகளுக்கான விடைகளைக் கடையின் மென்பொருள் தனக்குள் எழுதி வைத்திருக்கிறது. இவையே கடையின் அமைப்புகள். பேச்சு வழக்கில் செட்டிங்ஸ். கடை திறந்த வாரத்தில் யாரோ ஒருவர் அவற்றை நிரப்பியிருப்பார். அதன்பின் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர் அரிது. விற்பனை மட்டும் அன்றாடம் அந்த விடைகளின்படியே நடந்துகொண்டிருக்கும்.

இந்த விடைகளைக் கேட்டு வாங்குவதற்கென்றே சிறு மென்பொருள் கருவிகள் இருக்கின்றன. பில் போடும் மென்பொருள், பார்சலுக்கு முகவரிச் சீட்டு அச்சிடும் மென்பொருள், கைபேசியில் ஆர்டரைக் காட்டும் செயலி என எதுவானாலும், வேலையைத் தொடங்குமுன் கடையிடம் சில விவரங்களைக் கேட்டாக வேண்டும். கடை பதில் சொல்லும். அந்தப் பதிலில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் எண்ணுக்கும் என்ன பொருள் என்று எழுதி வைப்பதே கருவியின் ஆவணம். கருவியை எழுதியவருக்கு அது தேவைப்படாமல் போகலாம்; அவருக்குப் பின் வருபவருக்கோ, அது இல்லாவிட்டால் கையைக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும். கருவி சரியாக ஓடி ஆவணம் தப்பாக இருப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசமான நிலை. கருவி உடைந்தால் உடைந்தது என்றாவது தெரியும். தப்பான ஆவணத்தை நம்பினால், தவறான தொகை சரியான தொகையின் தோற்றத்தோடு பில்லில் வந்து நிற்கும்.

நீலகிரி மாவட்டத்தின் மேற்கோரம், பந்தலூர் வட்டத்தில் உள்ள தேவாலாவில் இந்தச் சிக்கல் நன்றாகப் புலப்படும். கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக வரும் சாலை தேவாலாவைத் தொட்டுப் பந்தலூர், சேரம்பாடி என்று போய்க் கேரளத்தின் வயநாட்டுக்குள் நுழைகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் ஊர்களில் ஒன்று இது. சுற்றிலும் தேயிலை, ஊடே காப்பி, மிளகு, ஏலக்காய், இஞ்சி. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்கு வேலை தருவதற்காக உருவான அரசுத் தேயிலைத் தோட்டங்கள், இன்றைய டான்டீ, பந்தலூர் வட்டாரத்தில் பரந்து கிடக்கின்றன. பெரிய தோட்டங்களை ஒட்டிச் சிறு விவசாயிகளின் நிலங்களும் உண்டு. இப்படிப்பட்ட ஊரிலிருந்து தேயிலைத்தூள், மிளகு, வீட்டுத் தயாரிப்பு சாக்லேட் ஆகிய மூன்றையும் இணையத்தில் விற்கும் ஒரு சிறு கடையை வைத்துப் பார்க்கலாம். அந்தக் கடையிலிருந்து அடுத்திருக்கும் வயநாட்டுக் கல்பற்றாவுக்குப் போகும் பார்சல் மாநிலம் கடந்த விற்பனை. தமிழ்நாட்டின் மறுகோடியில் உள்ள கன்னியாகுமரிக்குப் போகும் பார்சல் மாநிலத்துக்குள்ளேயே நடக்கும் விற்பனை. இரண்டுக்கும் வரிக் கணக்கு வேறு. தேவாலாக் கடைக்கு இது என்றோ ஒருநாள் வரும் சிக்கல் இல்லை, அன்றாட வியாபாரமே இதுதான்.

இத்தகைய சிறு கடைகளுக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள்களில் ஒன்று வூகாமர்ஸ். வேர்ட்பிரஸ் என்ற கட்டற்ற மென்பொருளோடு இணைந்து இயங்கும் பிளகின் அது. 2011-இல் வூதீம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. 2015-இல் அந்த நிறுவனத்தை ஆட்டோமாட்டிக் வாங்கியது. மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அமைப்புகளைக் கேட்டு வாங்கும் வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அமைப்புகளைப் படிக்கும் கருவியை எப்படி ஆவணப்படுத்துவது என்பதைப் பார்க்க வூகாமர்ஸ் நல்ல எடுத்துக்காட்டு.

கேட்கும் முறை எளிது. கடையின் இணைய முகவரியோடு, அமைப்புகளுக்கென்று வகுத்த ஒரு பாதையைச் சேர்த்துக் கோரிக்கை அனுப்பினால், முதலில் அமைப்புத் தொகுதிகளின் பட்டியல் வரும். பொது, சரக்குகள், வரி, அனுப்புதல், பணம் செலுத்துதல், வாடிக்கையாளர் கணக்கு, மின்னஞ்சல் என்று அது நீளும். ஒரு தொகுதியின் பெயரைப் பாதையில் சேர்த்துக் கேட்டால் அந்தத் தொகுதியில் உள்ள அமைப்புகள் முழுவதும் வரும். மேலும் ஒரு படி இறங்கி, அமைப்பின் அடையாளப் பெயரையும் சேர்த்தால் அந்த ஒன்று மட்டும் வரும். பதில் ஜேசன் வடிவில் இருக்கும்: பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக. இந்த மூன்று படிகளையும் ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே மூன்று உண்மையான கோரிக்கைகளாகக் காட்டிவிட்டால் படிப்பவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

ஓர் அமைப்பை மட்டும் எடுத்து நெருங்கிப் பார்க்கலாம். சரக்குகள் தொகுதியில் எடை அலகு என்றோர் அமைப்பு. அதைக் கேட்டால் வரும் பதிலில் அடையாளப் பெயர், திரையில் தெரியும் தலைப்பு, ஒருவரி விளக்கம், வகை, கடையில் இப்போது உள்ள மதிப்பு, யாரும் மாற்றாதபோது இருக்கும் முன்னிருப்பு மதிப்பு, தேர்ந்தெடுக்கத்தக்க மதிப்புகளின் பட்டியல் ஆகியவை இருக்கும். வகை என்பது இங்கே பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்வது. பட்டியலில் கிலோ, கிராம், பவுண்டு, அவுன்ஸ் என்று நான்கு.

இவ்வளவையும் கருவியே சொல்லிவிடுகிறதே, ஆவணம் எதற்கு என்று தோன்றலாம். கருவி சொல்லாத ஒன்று இருக்கிறது. எடை அலகை மாற்றினால், ஏற்கெனவே எழுதி வைத்த சரக்குகளின் எடைகள் தாமாக மாறுவதில்லை. கால் கிலோ தேயிலைப் பொட்டலத்துக்கு 250 என்று எழுதிய நாளில் அலகு கிராமாக இருந்திருக்கும். பிறகு ஒருவர் அலகைக் கிலோ என்று மாற்றினால், அதே பொட்டலம் 250 கிலோ ஆகிவிடும். எடையைப் பார்த்துக் கட்டணம் போடும் கூரியர் மென்பொருள் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும். எனவே ஆவணத்தில் இந்த அமைப்பின் கீழ் எழுத வேண்டிய முதல் வாக்கியம்: இது எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் அலகின் பெயர் மட்டுமே, எண்ணை இது மாற்றாது. பல ஆவணங்கள் திரையில் உள்ள தலைப்பையே திருப்பிச் சொல்லி, எடை அலகு என்பது எடையின் அலகு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அப்படி எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல். வெற்றிடமாக இருந்தால் படிப்பவர் வேறெங்காவது தேடுவார்.

எல்லா அமைப்புகளிலும் அதிகக் கவனம் வேண்டுவது வரித் தொகுதியில் உள்ளது: கடைக்காரர் எழுதிய விலைக்குள் வரி அடக்கமா இல்லையா என்பது. வூகாமர்ஸில் இதன் முன்னிருப்பு மதிப்பு 'நோ', அதாவது அடக்கமில்லை. எழுதிய விலையின்மேல் வரி கூடும். இந்தியாவில் பொட்டலமிட்ட சரக்கின்மேல் அச்சிடும் அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்ஆர்பி, எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. தேவாலாக் கடைக்காரர் பொட்டலத்தின்மேல் உள்ள 210 ரூபாயை விலைக் கட்டத்தில் எழுதுகிறார். தேயிலைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். வரி அடக்கம் என்று அமைப்பு இருந்தால் 200 ரூபாய் சரக்கின் மதிப்பு, 10 ரூபாய் வரி, மொத்தம் 210. முன்னிருப்பு மதிப்பை மாற்றாமல் விட்டிருந்தால் 210-இன்மேல் 10 ரூபாய் 50 காசு ஏறி, வாங்குபவரிடம் 220 ரூபாய் 50 காசு கேட்கும். எம்ஆர்பிக்கு மேல் விற்ற குற்றம் கடைக்காரர் தலையில் விழும். அவர் செய்ததெல்லாம் ஒரு பெட்டியைத் தொடாமல் விட்டதுதான்.

இதனால்தான் அமைப்புகளின் ஆவணத்தில் முன்னிருப்பு மதிப்பு என்ன என்பதோடு, அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது. வரியைத் தனியே கூட்டிச் சொல்வது அமெரிக்கச் சில்லறைக் கடைகளின் வழக்கம். வரி அடக்கிய விலையைச் சொல்வது இந்தியாவின் வழக்கமும் சட்டமும். ஓர் ஆவணம் ஒரு நாட்டு வழக்கத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டால், மற்ற நாட்டுக்காரர்களுக்கு அது சொல்லாமலே தவறு கற்பிக்கிறது.

இதே அமைப்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மதிப்பு 'எஸ்' அல்லது 'நோ' என்ற எழுத்துச் சரமாக வருகிறது. கணினி மொழிகளில் உண்மை, பொய் என்று தனியாக இருக்கும் மதிப்பாக வருவதில்லை. பல நிரல்மொழிகளில் வெற்றாக இல்லாத எந்தச் சரமும் உண்மை என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே 'நோ' என்ற விடையும் உண்மையாகிவிடும்; வரி அடக்கமில்லை என்று கடை சொன்னதை, அடக்கம் என்று பில் மென்பொருள் புரிந்துகொள்ளும். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. மதிப்பு எந்த வடிவில் வருகிறது என்று ஆவணம் ஒரு வரி எழுதியிருந்தால் இது நடக்காது.

கருவி எதைத் தருகிறது என்பதோடு எதைத் தராது என்பதையும் ஆவணம் சொல்ல வேண்டும். வூகாமர்ஸின் அமைப்புகளில் வரிவிதி இருக்கிறது, வரி விகிதம் இல்லை. வரி போடுவதா, விலையில் அடக்கமா, எந்த முகவரிப்படி என்பவை அமைப்புகள். 5 சதவீதம், 18 சதவீதம் என்ற எண்கள் தனி அட்டவணையில் இருக்கின்றன; அதைக் கேட்க வேறு பாதை. அனுப்பும் ஊர்களின் மண்டலங்களுக்கும் வேறு பாதை. பணம் வாங்கும் வழிகளுக்கும் வேறு பாதை. வரித் தொகுதியை முழுவதும் வாங்கிவிட்டோம், கடையின் வரிக் கணக்கு கைக்கு வந்துவிட்டது என்று நினைப்பவர் பாதியைத்தான் வைத்திருக்கிறார்.

ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கு வரி இரண்டாகப் பிரிந்து பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும் போகிறது. மாநிலம் கடந்தால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரி. தேவாலாக் கடையின் அட்டவணையில் தேயிலைக்கு மூன்று வரிசைகள் வேண்டும்: தமிழ்நாட்டுக்கு 2.5, 2.5 என்று இரண்டு, மற்ற மாநிலங்களுக்கு 5 என்று ஒன்று. சரக்கு போய்ச் சேரும் இடத்தை வைத்தே இது தீர்மானமாவதால், எந்த முகவரிப்படி வரி என்ற அமைப்பு அனுப்பும் முகவரி என்று இருக்க வேண்டும். கடையின் சொந்த முகவரி என்று மாற்றிவிட்டால், கல்பற்றாவுக்குப் போகும் மிளகுக்கும் தமிழ்நாட்டு வரி விழும். மொத்தத் தொகை ஒன்றாகவே இருப்பதால் வாங்குபவர் கவனிக்க மாட்டார். கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் பணம் தவறான தலைப்பில் போயிருப்பது தெரியும்.

விகிதங்கள் மாறவும் செய்யும். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. தேயிலை முன்போலவே 5. நீலகிரியில் வீட்டுத் தயாரிப்பு சாக்லேட் விற்கும் இணையக் கடைகள் ஒவ்வொன்றும் அன்று அட்டவணையைத் திருத்த வேண்டியிருந்தது. வரி உட்பட 236 ரூபாய்க்கு விற்ற பெட்டியில் 200 சரக்கு, 36 வரி. புதிய விகிதத்தில் அதே சரக்குக்கு 10 ரூபாய் வரி, மொத்தம் 210. விகிதத்தை மட்டும் மாற்றி விலையை மாற்றாமல் விட்டால், 236 ரூபாய்க்குள் வரியின் பங்கு சுருங்கி, வரிக்குறைப்பின் பயன் வாங்குபவருக்குப் போகாமல் கடையிலேயே தங்கிவிடும். விலையை 210 ஆக்கி, தமிழ்நாட்டு வரிசைகள் இரண்டையும் திருத்தி, ஐஜிஎஸ்டி வரிசையை மறந்தால் வேறொரு கோளாறு. வூகாமர்ஸ் தன் இயல்பான முறைப்படி, வெளி மாநிலத்தவருக்கு விலையிலிருந்து உள்ளூர் வரியைக் கழித்து அவருக்குரிய வரியைக் கூட்டும். ஊட்டிக்காரருக்கு 210, கல்பற்றாக்காரருக்கு 236. உள்ளூரில் ஆர்டர் போட்டுச் சோதித்துப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். அமைப்புகளையும் வரி அட்டவணையையும் சேர்த்து வாங்கிக் காட்டும் கருவி, அந்தக் கோளாறை ஒரே பார்வையில் காட்டிவிடும். எந்த இரண்டு பாதைகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது ஆவணத்தில் இருந்தால்தான் அப்படி ஒரு கருவியை எழுத முடியும்.

யார் கேட்கலாம் என்பது அடுத்தது. அமைப்புகள் பொதுவில் காட்டும் செய்தி அல்ல. வூகாமர்ஸில் கடைக்காரர் நிர்வாகப் பக்கத்தில் ஒரு ஜோடிச் சாவியை உருவாக்கித் தர வேண்டும்: ஒன்று அடையாளச் சாவி, மற்றது ரகசியச் சாவி. சாவிக்குப் படிக்கும் உரிமை, எழுதும் உரிமை, இரண்டும் என மூன்று வகை உண்டு. படிக்க மட்டும் வந்த கருவிக்குப் படிக்கும் உரிமை போதும். ஆனால் நிறுவும் குறிப்புகளில் இரண்டு உரிமையும் தரும்படி எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. எழுதுபவருக்கு அது எளிது, எங்கும் தடை வராது. இது கண்டிக்கத்தக்க சோம்பல். அந்தச் சாவி திருடு போனால் திருடியவர் கடையின் விலைகளை மாற்றலாம்.

சாவியை எங்கே வைத்து அனுப்புவது என்பதும் ஆவணத்தின் பொறுப்பு. கோரிக்கையின் தலைப்பில் வைத்து, பூட்டிய எச்டிடிபிஎஸ் இணைப்பின் வழியே அனுப்புவது முறை. சில சர்வர்கள் அந்தத் தலைப்பை ஏற்காதபோது, சாவியை இணைய முகவரியோடே ஒட்டி அனுப்பவும் வழி இருக்கிறது. அப்படி அனுப்பினால் சர்வரின் வருகைப் பதிவேட்டில் ரகசியச் சாவி எழுத்தெழுத்தாகப் பதிந்துவிடும். இந்த வழியைக் காட்டும் ஆவணம், அதன் பக்கத்திலேயே அந்த ஆபத்தையும் எழுத வேண்டும்.

பதிலுக்குள்ளும் ரகசியங்கள் வருகின்றன. பணம் வாங்கும் வழிகளின் அமைப்புகளைக் கேட்டால், பணப் பரிமாற்ற நிறுவனம் கடைக்குத் தந்த சாவிகளும் பதிலில் இருக்கக்கூடும். மின்னஞ்சல் தொகுதிகளில் புது ஆர்டர் வந்தால் யாருக்குத் தகவல் போகிறது என்ற சொந்த முகவரி இருக்கும். கருவி அவற்றை மறைத்துக் காட்டுகிறதா, அப்படியே கொட்டுகிறதா? உதவி கேட்டு இன்னொருவருக்கு அந்தப் பதிலை அனுப்பும் முன் எந்தெந்த வரிகளை நீக்க வேண்டும்? இவற்றைப் பெயர் பெயராக எழுதிய ஆவணங்கள் குறைவு.

பிழை வந்தால் என்ன செய்வது என்ற பகுதி, அவசரத்தில் ஆவணத்தைத் திறப்பவர் முதலில் தேடுவது. சாவி தவறானாலோ உரிமை போதாவிட்டாலோ 401 என்ற எண் வரும். இல்லாத தொகுதியைக் கேட்டால் 404. இதே 404 வேறொரு காரணத்துக்காகவும் வரும். வேர்ட்பிரஸில் பக்க முகவரிகளை எழுதும் முறை 'ப்ளெயின்' என்ற பழைய முறையில் இருந்தால், அமைப்புகளுக்கான பாதையே கடைக்குப் புரியாது. முதல் வகையில் பதில் ஜேசன் வடிவில், தொகுதி செல்லாது என்ற குறிப்போடு வரும். இரண்டாவதில் பக்கம் காணவில்லை என்று சொல்லும் முழு இணையப் பக்கம் வரும். எண் ஒன்று, நோய் இரண்டு. எண்ணை மட்டும் பட்டியலிட்ட ஆவணத்தைப் பார்த்தவர் தொகுதியின் பெயரை நாள் முழுக்க மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பார். ஆடி மாத மழையில் மின்சாரமும் இணையமும் விட்டு விட்டு வரும் மலையூரில் மூன்றாவது நிலையும் உண்டு: பதிலே வராதது. கருவி எத்தனை விநாடி காத்திருக்கும், மறுபடி தானே கேட்குமா, பழைய பதிலைச் சேமித்து வைத்துக் காட்டுமா என்று எழுதியிருக்க வேண்டும். பழைய பதிலைக் காட்டுவதானால் அது எப்போது வாங்கியது என்ற நேரமும் கூடவே தெரிய வேண்டும்.

நேரம் என்றதும் நேர மண்டலமும் வந்துவிடுகிறது. கடையின் நேர மண்டலம் வூகாமர்ஸ் அமைப்புகளில் இல்லை. வேர்ட்பிரஸின் பொது அமைப்புகளில் இருக்கிறது. அதை யுடிசி, அதாவது கிரீன்விச் நேரம், என்றே விட்டிருந்தால், ஏப்ரல் 1 விடியற்காலை நான்கு மணிக்கு வந்த ஆர்டர் மார்ச் 31 என்ற தேதியோடு பதிவாகும். நிதியாண்டே மாறிவிடும். வூகாமர்ஸ் ஒவ்வோர் ஆர்டருக்கும் கடை நேரம், கிரீன்விச் நேரம் என இரண்டையும் தருகிறது. எதைக் கணக்குக்கு எடுப்பது என்பதை அமைப்புகளின் ஆவணத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒரே கருவி பலவகைக் கடைகளைப் படிக்க வேண்டியிருந்தால் வேலை இன்னும் நுணுக்கமாகிறது. விலையில் வரி அடக்கமா என்பதற்கு வூகாமர்ஸ் எழுத்துச் சரத்தில் விடை தருகிறது. இன்னொரு கடை மென்பொருளான ஷாப்பிஃபை உண்மை, பொய் என்ற மதிப்பில் தருகிறது. பவுண்டு எடையை வூகாமர்ஸும் மஜென்டோ என்ற மற்றொரு கடை மென்பொருளும் 'எல்பிஎஸ்' என்று எழுதும், ஷாப்பிஃபை 'எல்பி' என்று எழுதும். கிலோவை வூகாமர்ஸ் 'கேஜி' என்றும் மஜென்டோ 'கேஜிஎஸ்' என்றும் எழுதும். ஓரெழுத்து வேறுபாட்டில் கருவி தடுக்கி விழும். எந்தக் கடையின் எந்தச் சொல் கருவிக்குள் எதுவாக மாறுகிறது என்ற ஒப்பீட்டு அட்டவணை இங்கே ஆவணத்தின் உயிர்நாடி.

இந்தியாவில் இந்த ஒப்பீட்டு வேலையை நாடளாவிய அளவில் முயன்றிருப்பது ஓஎன்டிசி என்ற திறந்த வணிக வலையமைப்பு. 2021 டிசம்பர் இறுதியில் நிறுவனமாகப் பதிவாகி, 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் வெள்ளோட்டம் தொடங்கியது. அவற்றில் ஒன்று கோயம்புத்தூர். அங்கே கடை ஒரு செயலியில் இருக்கும், வாங்குபவர் வேறொரு செயலியில் இருப்பார். கடை எந்த நேரம் திறந்திருக்கும், எவ்வளவு தூரம் வரை அனுப்பும் என்ற விவரங்களை வாங்குபவரின் செயலி கேட்க, கடையின் செயலி சொல்கிறது. இருவரும் ஒருவரையொருவர் அறியாத நிலையில், இடையில் இருப்பது எழுதி வெளியிட்ட விதிமுறை ஆவணம் ஒன்றே. ஒரு விவரத்தின் பொருளை இருவர் இருவிதமாகப் புரிந்துகொண்டால், அனுப்ப முடியாத ஊருக்கு ஆர்டர் வந்து சேரும்.

ஆவணத்தை எழுதும் முறைக்குத் தமிழில் பழைய அளவுகோல் இருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றும் வேண்டிய அழகுகள் பத்து என்றும் வகுக்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல் போன்றவை குற்றங்கள். எடை அலகைப் பற்றி எழுதும்போது எண் மாறாது என்பதைச் சொல்லாமல் விடுவது முதல் குற்றம். நாணயம் என்றால் என்ன என்று பாடம் நடத்துவது இரண்டாவது. ஒரு பக்கத்தில் முன்னிருப்பு 'நோ' என்றும் மறுபக்கத்து எடுத்துக்காட்டில் 'எஸ்' என்றும் இருப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் மென்பொருள் ஆவணங்களில் மிகுதி. எடுத்துக்காட்டை ஒரு காலத்தில் எழுதியிருப்பார்கள், விளக்கத்தை வேறொரு காலத்தில் திருத்தியிருப்பார்கள். எடுத்துக்காட்டுகளைக் கையால் எழுதாமல், ஒரு சோதனைக் கடையிலிருந்து கருவியே வாங்கிய பதிலை அப்படியே ஒட்டுவதும், ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் அதை மறுபடி வாங்கி ஒட்டுவதும் இதற்கு மருந்து.

பதிப்பு எண்ணும் அத்தியாவசியம். வூகாமர்ஸின் அமைப்புப் பாதையிலேயே மூன்றாம் பதிப்பு என்ற குறி இருக்கிறது. அதற்கு முந்தைய தலைமுறையின் பழைய இடைமுகத்தை 2024-இல் வெளிவந்த 9.0 பதிப்பில் வூகாமர்ஸ் தன் மையத்திலிருந்து நீக்கிவிட்டது. தேவைப்படுபவர் தனிப் பிளகினாக நிறுவிக்கொள்ள வேண்டும். பழைய பாதையைக் காட்டும் குறிப்புகளைப் பின்பற்றுபவருக்குக் கடை பதில் சொல்லாது. எந்தப் பதிப்பில் சரிபார்த்தது, எந்தத் தேதியில் என்ற இரண்டு விவரம் இல்லாத பக்கத்தை நம்பி வேலையில் இறங்கக் கூடாது.

இவையெல்லாம் தமிழில் இருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுவதுண்டு. நிரல் எழுதுபவருக்கு ஆங்கிலம் போதும் என்பது வழக்கமான வாதம். ஆனால் அமைப்புகளை நிரப்புபவர் நிரல் எழுதுபவர் அல்ல. தேயிலைப் பொட்டலத்தின் விலையை எழுதுபவர், சாவியை உருவாக்கித் தருபவர், வரி மாறிய நாளில் அட்டவணையைத் திருத்துபவர் எல்லாரும் கடைக்காரரே. 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழும், அதன் வழி வந்த 'எளிய தமிழில்' வரிசை நூல்களும் லினக்ஸ், மைஎஸ்கியூஎல் போன்ற கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கிவருகின்றன. தொழில்நுட்பக் கையேடு தமிழில் தெளிவாக அமையும் என்பதற்கு அவை சான்று.

தமிழில் எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவி தரும் பதிலில், திரையில் தெரியும் தலைப்பு கடையின் மொழிக்கேற்ப மாறும். அடையாளப் பெயர் எந்த மொழியிலும் மாறாது. வேர்ட்பிரஸுக்கு இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என இரண்டு மொழிபெயர்ப்புகள் தனித்தனியே இருக்கின்றன. கூடலூரில் ஒரு தலைப்பையும் கண்டியில் வேறொரு தலைப்பையும் பார்ப்பவர்கள் ஒரே அமைப்பைத்தான் பார்க்கிறார்கள். ஆகையால் ஆவணம் ஒவ்வோர் அமைப்பையும் அடையாளப் பெயரால் குறித்து, அதன்பின் தமிழில் விளக்க வேண்டும். தலைப்பை நம்பி எழுதிய நிரல், கடையின் மொழி மாறிய அன்றே நின்றுவிடும்.

ஆவணத்தின் கடைசிப் பகுதி, வாங்கிய அமைப்புகளைச் சேமித்து வைப்பது பற்றியது. கருவியை நாள்தோறும் ஒரு முறை ஓடவிட்டுப் பதிலைத் தேதியிட்ட கோப்பாக வைத்துக்கொண்டால், இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு என்ன மாறியது என்று பார்க்கலாம். அடுக்கும் வரிசை நாளுக்கு நாள் வேறானால் மாறாததும் மாறியதாகத் தெரியும் என்பதால், சேமிக்குமுன் அடையாளப் பெயரின் அகர வரிசையில் அடுக்கிக்கொள்ள வேண்டும். ரகசியச் சாவிகளைக் கோப்பில் எழுதாமல் விட வேண்டும். சர்வர் மாறும்போது இந்தக் கோப்பைப் பார்த்துப் புதுக் கடையை நிரப்பலாம். ஆனால் வரி அட்டவணையும் அனுப்பும் மண்டலங்களும் வேறு பாதைகளில் இருப்பதால் அவற்றுக்குத் தனிக் கோப்புகள் வேண்டும், கடையின் நேர மண்டலத்தை வேர்ட்பிரஸின் பொது அமைப்புகளிலிருந்து தனியே வாங்கிச் சேர்க்க வேண்டும்.